பதினைந்தாவது நிமிடம்

முப்பத்தொன்று என்று அச்சடித்த டோக்கன் ஜெயக்கொடியின் உள்ளங்கை வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே பலகையில் இருபத்து நாலு என்று சிவப்பாக எரிந்தது. உள்ளே இருப்பவரையும் சேர்த்து முன்னால் ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் எழுபது நிமிஷம், அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், ஒரு விஷயத்தை யோசிக்க எழுபது நிமிஷம் தாராளம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு வருஷமாக யோசித்தும் வராத முடிவு மதுரையில் ஒரு இதய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் எழுபது நிமிஷத்தில் வந்துவிடுமாம். பக்கத்தில் அவள் புருஷன் தவசிலிங்கம் ஃபைலை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ் ஓட்டிய கை, எதன்மேல் வைத்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரிதான் இருக்கும். அந்த ஃபைலுக்குள் பதினோரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் தேதிவாரியாக இருந்தன. பதினொன்றும் அருப்புக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் லேபில் அவள் ரத்தத்தை அவளே எடுத்து, அவளே சோதித்து, அவளே எழுதியவை. பதினொன்றும் பொய். பொய் என்ற சொல்லைத் தொட்டதும் நெஞ்சுக்கு நடுவில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கி இடது தோள்வரை இழுத்தது. வெட்கம்தான், வேறென்ன, வெட்கப்பட்டால் யாருக்குத்தான் நெஞ்சை அடைக்காது. தோள் வலி தோள் மூட்டு வலி. பதினாலு வருஷமாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தோள் வலிப்பது ஒரு செய்தியா. அவள் டோக்கனை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னா ஒரு மாதிரி உக்காந்திருக்க, தண்ணி வேணுமா" என்றார் தவசிலிங்கம். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அதோடு விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி உசிலம்பட்டிக்காரர் ஒருவரோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். பஸ்ஸில் பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த பலகைக்குக் கீழேயே முப்பத்து மூன்று வருஷம் வாயை மூடி உட்கார்ந்த மனுஷர், ரிட்டயர் ஆனபிறகு பாக்கி வைத்ததையெல்லாம் பேசித் தீர்க்கிறார். "இவளுக்கு மூட்டுல வாதங்க. கையி காலு விரலெல்லாம் வீங்கிப்போகும். ஆனா மருந்தை ஒரு வாரம் தவற விடமாட்டா. லேப்ல வேலை பாக்குறால்ல, அதனோட அருமை தெரியும். பாருங்க ரிப்போர்ட்டை, பதினாறு, பதினெட்டு, பதினேழு, நல்லா இருக்கிற ஆளுக்கே இப்பிடி வராது." அவர் ஃபைலைத் திறந்து அந்த மனுஷரின் மூக்குக்கு நேரே நீட்டினார். உசிலம்பட்டிக்காரருக்கு என்ன தெரியும் பாவம், ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஜெயக்கொடி சுவரைப் பார்த்தாள். சுவரில் இதயத்தின் படம், நீலமும் சிவப்புமாகக் குழாய்கள். அந்தச் சீட்டுகளைப் பஞ்ச் பண்ணி நூல் கோத்து ஃபைலில் போடுவது அவர் வேலை. ஒவ்வொரு தடவையும் ஓட்டை நேராக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சொந்தக்காரர் யாராவது வந்தால் காட்டுவார், தெருவில் யாருக்காவது மூட்டு வலி என்றால் கூப்பிட்டுக் காட்டுவார். பெண்டாட்டியின் ரத்தத்தைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்ட புருஷன் ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்கமாட்டார். அவள் உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் நடுவில் சேலை அவிழ்ந்துபோனால் எப்படிக் கூசுமோ அப்படி.

இருபத்தைந்து என்றது பலகை. காலையில் ஈ.சி.ஜி. எடுத்த அறையிலும் இதே கூச்சம்தான். ரவிக்கைக் கொக்கியைக் கழற்றச் சொன்னாள் அந்த நர்ஸ் பெண். கழற்ற வரவில்லை. விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோய், கணுக்கள் புடைத்து, கொக்கியைத் தேடித் தேடி வழுக்கின. "இருங்கம்மா, நான் கழட்டுறேன்" என்று அந்தப் பெண் கழற்றினாள், முகத்தில் இரக்கமும் இல்லை எரிச்சலும் இல்லை, வேலையாகச் செய்தாள். ஜெயக்கொடியும் இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களிடம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறாள், கையை நீட்டுங்க, முஷ்டியை மூடுங்க, அங்கிட்டு பாருங்க, ஆச்சு. ஒரே குத்தில் நரம்பு கிடைக்கும். பச்சைப் பிள்ளைக்கும் கிடைக்கும், எண்பது வயசுக் கிழவிக்கும் கிடைக்கும். மத்த லேபில் நாலு இடத்தில் குத்திவிட்டு அனுப்புகிறவர்களைக்கூட இவளிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கைதான் கொக்கியில் தோற்றது. ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றுமில்லை, டாக்டர் பாத்துச் சொல்வாங்க என்றாள் அந்தப் பெண். எத்தனை நாளாக நெஞ்சில் சிரமம் என்று கேட்டதற்கு, படியேறினால் லேசாக அடைக்கிறது என்று மட்டும் ஜெயக்கொடி சொன்னாள். லேசாக என்ற சொல் அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்டு முடிப்பதற்குள் வந்து நிற்கும்.

முதல் தடவை அது எப்படி ஆயிற்று என்று நினைக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள், ஆனால் மனசு அங்கேதான் போனது, தேய்ந்த வழியில் மாடு போகிற மாதிரி. மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்த நாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் சாத்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். தண்ணீர் கேட்டார், ஜெயக்கொடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள், ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த மாத்திரை அட்டையை அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தொழில் பழக்கம், வேறொன்றும் கெட்ட எண்ணமில்லை. "இது யாருக்கு?" பத்து வருஷமாக வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் விழுங்கிய மஞ்சள் மாத்திரை. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு. லேப்ல இருந்து வர்றப்ப வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். லேசாக என்பதைப் போலவே அதுவும் வாயில் தயாராக இருந்தது. "பாத்துச் சாப்பிடச் சொல்லுங்க. இது கேன்சருக்கும் குடுக்கிற மருந்து" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திரும்ப வைத்தார். கேன்சர் என்ற சொல் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைப் பாதியில் வைத்தாள். மூட்டுக்கும் அந்த மருந்துதான், அதற்குக் கொடுப்பது ரொம்பக் குறைந்த அளவு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஜெயக்கொடிக்கு நன்றாகத் தெரியும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவளே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த வியாதி இவளுக்குத்தான் என்று ஆகும், அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று ஆகும். அவர்கள் போனதும் அட்டையைத் தாளில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கல்யாணம் முடியட்டும், மறுபடி ஆரம்பிக்கலாம். கல்யாணம் முடிந்தது. சிந்துஜாவுக்குப் பிள்ளை பிறக்கட்டும். பிறந்தது. நடக்கட்டும். அது இப்போது மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறது.

மருந்தை நிறுத்தி நாலு மாசத்தில் மூட்டு டாக்டர் பொன்னம்பலத்திடம் போக வேண்டிய நாள் வந்தது. போகும்போது ஈ.எஸ்.ஆர். சீட்டு கொண்டுபோக வேண்டும். லேபில் அதைவிட எளிமையான சோதனை இல்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி நிமிர்த்தி நிறுத்திவிட்டால் போதும், சிவப்பு கீழே இறங்கும், மேலே வெளிர்மஞ்சளாக நீர் தெளியும். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். உடம்புக்குள் எங்காவது வீக்கம் கனன்றுகொண்டிருந்தால் விறுவிறுவென்று இறங்கும். காலை ஆறரைக்கு, யாரும் வருவதற்கு முன்னால், ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து, தன் கையில் தானே குத்தி ரத்தம் எடுத்தாள். குழாயை நிறுத்தினாள். முன்னால் உட்கார்ந்தாள். அது இறங்கிய வேகம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண். பதினைந்தாவது நிமிஷத்தில் பதினாறுக்கு வந்திருந்தது. எழுந்தாள். பதினாறு என்று எழுதினாள். எழுதிவிட்டுக் குழாயை எடுத்துப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டாள். அவ்வளவுதான். இல்லாத எண் ஒன்றை அவள் எழுதவில்லை, குழாயில் கண்ணால் கண்டதைத்தான் எழுதினாள், முக்கால் மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிட்டாள், அது மட்டும்தான். ரொம்ப நாள் இந்தச் சமாதானத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு மணி நேரம் நின்றிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள். சீட்டை மற்ற சீட்டுகளோடு வைத்தாள், லேப் முதலாளி சேவியர் சார் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், ஜெயக்கொடி பார்த்தது என்றால் அவர் திரும்பப் பார்ப்பதில்லை.

இருபத்தேழு. இருபத்தாறு எப்போது போயிற்று. நெஞ்சில் மறுபடி அந்தப் பிழிசல், இந்தத் தடவை தாடை வரைக்கும் வந்து பல்லைத் தொட்டுவிட்டுப் போனது. பொன்னம்பலம் டாக்டரை நினைத்ததால் வந்த பிழிசல்தான். அவர் மட்டும் அன்றைக்குச் சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்திருந்தால், மறுபடி ஒரு தடவை எடுங்கம்மா என்று சொல்லியிருந்தால், அங்கேயே அழுது சொல்லித் தொலைத்திருப்பாள். அவர் சிரித்தார். "இதுதாம்மா பேஷண்ட். மருந்து என்னமா கேக்குது பாருங்க." புதிதாக வந்த ஒரு சின்னப் பெண்ணைக் காட்டி, அவளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி சொன்னார், ஜெயக்கொடியும் சொன்னாள், பயப்படாம சாப்பிடும்மா, நானெல்லாம் சாப்பிடலையா என்று. அந்தப் பாராட்டுக்கு அவள் அடிமையாகிப் போனாள், அதுதான் உள்ளதிலேயே அசிங்கம், பயத்தால் செய்தது ஒரே ஒரு தடவைதான், மீதிப் பத்து தடவையும் அந்தச் சிரிப்புக்காகச் செய்தது. வலிக்கு மெடிக்கலில் வாங்கிய சின்ன வெள்ளை மாத்திரை இருக்கவே இருந்தது. ஸ்டீராய்டு என்று தெரிந்தேதான் வாங்கினாள். ஒன்று போட்டால் விரல் மடங்கும், இரண்டு போட்டால் கோலம்கூடப் போடலாம், வளைகாப்பு, பெயர் வைப்பு, காதுகுத்து என்று விசேஷம் வந்தால் மூன்று. "வீக்கத்தை அடக்கி வெச்சாத்தான் ஹார்ட்டுக்கு நல்லது. மூட்டுல எரியிறது மூட்டோட நிக்காது, ரத்தக் குழாய்லயும் எரியும். இந்த வியாதிக்காரங்களுக்கு மாரடைப்பு வர்றது மத்தவங்களைவிட அதிகம். அதனாலதான் இந்த எண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கோம்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். கொலஸ்ட்ரால் சீட்டையும் பார்ப்பார். நூற்று நாற்பத்திரண்டு. அது மட்டும் நிஜம், அதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. "வீக்கம் அதிகமா இருக்கிறவங்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைச்சலாக் காட்டும், அதை நம்பி ஏமாறக்கூடாது. உங்களுக்குத்தான் ஈ.எஸ்.ஆரும் நல்லா இருக்கே, கவலையில்ல" என்பார். அப்படி அந்த ஒரே நிஜத்தையும் அவள் பொய்யாக்கினாள்.

ராமலட்சுமியை நினைக்காமல் இந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட முடியாது என்று தெரியும். தறிக்காரர் வீட்டுப் பொம்பளை, நாற்பத்தாறு வயசு, இவளுக்கு உள்ள அதே வியாதி. ஈ.எஸ்.ஆர். நூற்றுப் பத்து. ஒரு மணி நேரம் முழுசாக நின்று பார்த்த நூற்றுப் பத்து, மற்றவர்கள் ரத்தத்துக்கு ஜெயக்கொடி ஒரு நிமிஷம்கூட முன்னால் எழுந்தது கிடையாது. மருந்து சாப்பிட்டால் குமட்டுகிறது என்று ராமலட்சுமி நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு லேபில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேர் காதிலும் விழும்படி ஜெயக்கொடி அவளைக் காய்ச்சி எடுத்தாள். "உங்க இஷ்டத்துக்கு நிறுத்துறதுக்கு அது என்ன வெத்தலையா பாக்கா? அப்புறம் இங்க வந்து ரத்தத்தைக் குடுத்து என்ன பிரயோசனம்?" ராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அப்போது ஜெயக்கொடி மருந்தை நிறுத்தி ஒன்றரை வருஷம். எந்த வாயால் அதைச் சொன்னாள், எந்த வாய் அது, அந்த நேரத்தில் தனக்கே தான் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவள் என்ற நினைப்பு எப்படி வந்தது, அவ்வளவு நிஜமான கோபம் எங்கேயிருந்து வந்தது. எட்டு மாசம் கழித்து ராமலட்சுமியின் தங்கச்சி சுகர் பார்க்க வந்தபோது சொன்னாள், அக்கா போயிருச்சு, தறிக்குப் பாவு ஓட்டிக்கிட்டிருந்தவ அப்பிடியே உக்காந்தா, மாரடைப்புன்னாங்க. "மூட்டு வலிக்காரிக்கு எப்பிடிங்கக்கா மாரடைப்பு வரும்?" என்று அந்தத் தங்கச்சி கேட்டாள். எப்படி வரும் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அடுத்த வாரமே மஞ்சள் மாத்திரை ஒரு அட்டை வாங்கினாள். இரண்டு வருஷம் விட்ட மருந்தை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது, சொன்னால் ஏன் நிறுத்தினீங்க, அப்புறம் ரத்தம் எப்படி நல்லா இருந்தது என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஒரு பதில் வேண்டும், அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும். அட்டை அரிசி டிரம்முக்குள் இன்னும் கிடக்கிறது.

இருபத்தொன்பது. ஒரு வழி இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது, தோன்றியதும் இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை என்று உடம்பே லேசானது. காலையில் இந்த ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எடுத்த பெண் இவளுடைய தொழில்காரி, ஒரே குத்து, சுத்தமான வேலை. அந்தப் பெண் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை, நிஜமான எண் இந்நேரம் டாக்டரின் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். அப்புறம் ஜெயக்கொடி வாயைத் திறக்கவே வேண்டாம். என்ன இது திடீரென்று ஏறியிருக்கிறதே என்பார்கள், ஆமாம் டாக்டர், இப்பக் கொஞ்ச நாளாத்தான் ஒரு மாதிரி இருக்கு என்றால் போயிற்று. மருந்தை மாற்றுவார்கள், ஆரம்பிப்பார்கள், வீக்கம் இறங்கும், ஃபைலும் பிழைக்கும், புருஷன் முகமும் பிழைக்கும். ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் லேபில் இருந்தவள் இல்லையா, அந்த நிம்மதி அடுத்த மூச்சில் புளித்துப்போனது. இப்போதுதான் ஏறியது என்றால் ரத்தக் குழாய்கள் நாலு வருஷம் நன்றாக இருந்தன என்றுதானே டாக்டர் எடுத்துக்கொள்வார். நாலு வருஷம் எரிந்ததை நாலு நாள் எரிந்ததாக நினைத்து வீட்டுக்கு அனுப்புவார். லேப் மாடிப்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறாள், முன்னே பதினெட்டுப் படியையும் ஏறுவாள், இப்போது ஆறாவது படியில் நின்றுவிடுகிறாள், தோள் மூட்டு, முதுகு, வாய்வு என்று ஒவ்வொன்றின் தலையிலும் கட்டிக் கட்டிப் பார்த்து இனிமேல் கட்டுவதற்கு உறுப்பு பாக்கியில்லை. செத்துப்போவாளோ என்ற எண்ணம் வந்தது. வந்தது ஒருபக்கம் இருக்கட்டும், செத்தபிறகு இவர் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவாரே, இவ்வளவு நல்ல ரிப்போர்ட் இருந்தும் போயிட்டாளே என்று அழுவாரே, அதை நினைத்ததும்தான் கண் நிறைந்தது. சாவைவிட அது பெரிதாகத் தெரிந்ததே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. டாக்டர், ஒரு சின்ன விஷயம். இல்லை, சின்ன விஷயம் என்று தொடங்கக்கூடாது. டாக்டர், அந்த ரிப்போர்ட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சாம், அதுவாக நடந்து போனதாம். டாக்டர், நான். நான் என்பதற்கு அப்புறம் ஒரு சொல்லும் வரவில்லை. நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தரையில் பார்வையை வைத்திருந்தாள். சொல்லாமல் வைத்திருக்கும் பாரம் இப்படித்தான் அழுத்தும் போலிருக்கிறது, சொல்லிவிட்டால் இறங்கிவிடும்.

"முப்பத்தொண்ணு, ஜெயக்கொடி" என்று நர்ஸ் கூப்பிட்டாள். தவசிலிங்கம் முந்திக்கொண்டு எழுந்தார். டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது, கண்ணாடி போட்டிருந்தாள், ஃபைலை வாங்கி ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினாள், வேகமாகப் புரட்டவில்லை, படித்தாள். அதுவே ஜெயக்கொடிக்குத் தாங்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஈ.எஸ்.ஆர். எண்பத்தாறு வந்திருக்கும்மா. உங்க பழைய ரிப்போர்ட் எல்லாம் பதினாறு, பதினெட்டுன்னுதான் இருக்கு. இப்பத்தான் ஏறியிருக்குபோல."

எண்பத்தாறு. நாலு வருஷமாகத் தெரியாமல் பார்த்துக்கொண்ட எண்ணை யாரோ ஒருத்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

"ஆமா டாக்டரம்மா, இப்பத்தான் ஏறியிருக்கும்" என்றார் தவசிலிங்கம். "மருந்தெல்லாம் கரெக்டா சாப்பிடுவா. ஒரு வாரம் தவறாது."

"நல்லது. நாலு வருஷம் கன்ட்ரோல்ல இருந்திருக்கு, கொலஸ்ட்ராலும் குறைவுதான், ஈ.சி.ஜி.யும் பரவாயில்ல. மூட்டு டாக்டரைப் பாத்து மருந்தைக் கொஞ்சம் மாத்திக்கங்க. ஆஞ்சியோ இப்ப அவசரமில்ல, மூணு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்."

கதவைத் திறந்து போய்ட்டு வாங்க என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. எழுந்தால் போதும். தவசிலிங்கம் ஃபைலுக்குக் கை நீட்டினார். ஜெயக்கொடியும் எழத்தான் பார்த்தாள், மேஜை விளிம்பைப் பிடித்தாள், எழுவதற்குப் பதிலாக அவள் வாய் பேசியது.

"அது அத்தனையும் நான் பொய்யா எழுதினது டாக்டர். மருந்தை நிறுத்தி நாலு வருஷமாச்சு. ஒரு மணி நேரம் வெக்க வேண்டியதைக் கால் மணி நேரத்துல பாத்து எழுதினேன். பதினொண்ணும் அப்படித்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப ஒரு மணி நேரத்துல என்ன இருந்துச்சு?"

"தெரியாது. பாக்கல."

தவசிலிங்கம் நீட்டிய கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஃபைலைத் தொடவும் இல்லை. அவர் பக்கம் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்தாள், போலீஸ்வரை நினைத்து வைத்திருந்தாள், ஏன் என்ற கேள்விக்குச் சாத்தூர் மெடிக்கல்காரரிலிருந்து ஆரம்பித்து ஒரு பதிலையும் கட்டி வைத்திருந்தாள். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. சீட்டின் கீழே இருந்த லேப் பெயரைப் படித்தாள்.

"அங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

"உங்களோடது மட்டும்தானா, இல்ல மத்தவங்களோடதும் இப்படி எழுதியிருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் நினைக்கவே இல்லை. எழுபது நிமிஷத்தில் இல்லை, நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. பச்சைப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், ராமலட்சுமியின் நூற்றுப் பத்து, ஒரு நிமிஷம் பிசகாமல் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மணி நேரம், அது அவளிடம் இருந்த ஒரே சொத்து. "என்னோடது மட்டும்தான்" என்றாள். அது சத்தியம். ஆனால் அவள் குரல் அவள் காதுக்கே மருந்து தவறாமல் சாப்பிடுகிறேன் என்று சொன்ன அதே குரலாகத்தான் கேட்டது. டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பித் தவசிலிங்கத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க சார். இவங்களுக்கு நெஞ்சுல சிரமம் எப்பயிலேர்ந்து? படியேறினா மட்டும்தானா, சும்மா இருக்கும்போதும் வருதா? வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

அவளைத் தாண்டிக்கொண்டு அந்தக் கேள்விகள் போயின. அவள் உடம்பைப் பற்றி அவள் சொன்னால் இனி எடுபடாது. தவசிலிங்கம், முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு ஆக்சிடென்ட்கூட இல்லாத மனுஷர், வண்டி எங்கே மோதியது என்று புரியாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேக்காதீங்கம்மா" என்றார் கடைசியில். "நாலு வருஷமா நான் சொன்னதெல்லாம் இவ எழுதிக் குடுத்ததுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளையே கேளுங்க."

சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலியை அவள் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கோபத்தில் நகர்த்தினாரா, அவள் சொல்வது காதில் விழட்டும் என்று நகர்த்தினாரா, தெரியவில்லை. டாக்டர் அவள் பக்கம் திரும்பிப் பேனாவை எடுத்தாள். ஜெயக்கொடிக்கு வாயில் லேசாக என்ற சொல் வந்து நின்றது. அதை விழுங்கினாள். சொல்லிவிட்டால் இறங்கும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தும் நெஞ்சுக்கு நடுவில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது, தாடைக்கும் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் அது வெட்கம் இல்லை.

"சும்மா இருக்கும்போதும் வருது டாக்டர். வெளியில உக்காந்திருந்தப்ப ஆரம்பிச்சது, நின்னு நின்னு வந்துக்கிட்டிருக்கு" என்றாள். "இப்பவும் இருக்கு."